கல்லுக்காரர் வீட்டு எடைமேடை

கடைவீதியில் அவருக்குப் பெயர் கல்லுக்காரர். தராசு பழுது பார்ப்பது தொழில். பைக்குள் எடைக்கற்களைச் சுமந்துகொண்டு கடை கடையாகப் போவார். தராசின்மேல் கல்லை வைத்து, காட்டும் எண் கூடுதலோ குறைவோ இருந்தால் திருத்திக் கொடுப்பார். "அண்ணே, கொஞ்சம் நம்ம பக்கம் சாயற மாதிரி வச்சுக் குடுங்களேன்" என்று இளிக்கிற கடைக்காரர்களுக்கு அவரிடம் ஒரே பதில்தான்: "அதுக்கு வேற ஆளப் பாரு." கை சுத்தம். அந்த ஒரு விஷயத்தில் அவர்மேல் விரல் நீட்ட ஆளில்லை.

உடம்பு விஷயத்தில்தான் ஆளாளுக்கு நீட்டினார்கள். அவ்வளவு பருமன். மனுஷன் கல்லைச் சுமக்கிறாரா, விழுங்குகிறாரா என்று கேலி. முழங்காலும் சர்க்கரையும் கூட்டுச் சேர்ந்து மிரட்டவே, கடைசியில் இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன் செய்துகொண்டார்.

முதல் வருஷத்தைக் கேட்கவே வேண்டாம். எடை மளமளவென்று இறங்கியது. பெல்ட்டில் ஓட்டை போட்டே ஆணி மழுங்கிப்போனது. ஏதோ ஒரு கடையில் கழித்துப்போட்ட எடைமேடையைத் தூக்கிவந்து, சரிசெய்து, குளியலறை வாசலில் போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் ஏறி நிற்பார். மனைவி குனிந்து எண்ணை உரக்கப் படிப்பாள். படித்த கையோடு, பிள்ளை முதல் மார்க் வாங்கிவிட்ட தாய் மாதிரி, பக்கத்து வீடுகளுக்கும் சொல்லிவிட்டு வருவாள்.

பிறகு இறக்கம் மெதுவானது. பிறகு நின்றே போனது. அதற்கும் பிறகு, சொல்லவே வாய் கூசுகிறது, கொஞ்சம் கொஞ்சமாக ஏறத் தொடங்கியது. டாக்டர் இதை முதலிலேயே சொல்லியிருந்தார். "வேகமா இறங்கறது கொஞ்ச காலத்துக்குத்தான். அப்புறம் ஒரு எடத்துல நிக்கும், கொஞ்சம் திரும்பியும் வரலாம். அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. செக்கப்புக்கு மட்டும் வராம இருந்துடாதீங்க." நம் ஆள் காதில் வாங்கியது முதல் வரியின் முதல் வார்த்தையை மட்டும். 'ஆபரேஷன் பண்ணியும் பழைய குருடி கதவைத் திறடி' என்று ஊர் சிரிக்குமே என்ற வெட்கத்தில், செக்கப்புக்குப் போவதையே விட்டுவிட்டார். யார் முன்னாலும் ஒரு வாய் சாப்பிடக்கூட உடம்பு கூசியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி எண்ணைப் பார்த்துவிட்டு, படிக்காமலே நிமிர்ந்தாள். "சரி விடுங்க, அடுத்த வாரம் இறங்கிடும்" என்றாள். நாலு திட்டு திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அந்தச் சமாதானத்தைத் தாங்க முடியவில்லை.

மறுநாள் அவள் வெளியே போயிருந்த நேரம் பார்த்து, மேடையில் இருபது கிலோ கல்லை வைத்தார். பக்கத்தில் ஒரு கிலோ கல்லையும் வைத்தார். பிறகு பொத்தானை அமுக்கி, இரண்டும் சேர்ந்து இருபதுதான் என்று அந்தக் கருவிக்குச் சொல்லிக்கொடுத்தார். இனி அது எடையைக் குறைத்தே காட்டும். எந்தக் கடைக்காரனுக்கும் செய்து தராத வேலையைச் சொந்த வீட்டில் செய்தார். வேலியே பயிரை மேய்ந்தது.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் மறுபடி களைகட்டின. உடம்பு ஏற ஏற, இன்னொரு சின்னக் கல் சேர்ந்தது. "இறங்குதுங்க!" என்று அவள் பூரிக்கும்போதெல்லாம், அவர் செருப்பைத் தேடுகிறவர்போலக் குனிந்துகொள்வார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோமே என்று மனசு அறுக்கும்.

அந்த மேடையில் ஏற வீட்டில் இன்னொரு ஆளும் உண்டு என்பது மட்டும் அவர் புத்திக்கு எட்டவில்லை.

ஒரு சாயங்காலம் அவர் பையை இறக்கி வைத்ததும், மனைவி எதிரே வந்து உட்கார்ந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"என்னங்க, ஒண்ணு சொல்றேன், பதறாதீங்க. எனக்கு எடை தானா குறையுது. சாப்பாட்ட ஒண்ணும் குறைக்கல. ஆனா சட்டையெல்லாம் முன்ன விட இறுக்கமா இருக்கு. இளைச்ச உடம்புல சட்ட எப்படி இறுகும்? உள்ள ஏதோ வீக்கம்தான்னு பட்டுது. பெரிய வியாதியா இருக்குமோன்னு பயந்து கிளினிக்குக்குப் போனேன். ரத்தம் எடுத்திருக்காங்க. நாளைக்கு ரிசல்ட்."

"அங்க எடை பாக்கலையா?" என்று மெல்லக் கேட்டார்.

"பாத்தாங்க. கூடத்தான் காட்டுச்சு. 'உங்களுக்கு ஒண்ணுமில்லம்மா, போங்க'ன்னு நர்ஸ் சொன்னா. நான் விடுவேனா? 'உங்க மெஷின்தான் கெட்டுப்போச்சு. எங்க வீட்டுல இருக்கறது என் வீட்டுக்காரர் கையால சரி பண்ணது, அது பொய் சொல்லாது'ன்னு சண்ட போட்டுத்தான் டெஸ்ட்டுக்கு எழுதி வாங்கினேன்."

பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது அவருக்கு. தன் கண்ணை நம்பவில்லை, நர்ஸை நம்பவில்லை, தன் சட்டையைக்கூட நம்பவில்லை. அவர் கையை நம்பியிருக்கிறாள். இத்தனை நாள் சாவு பயத்தைத் தனியாகச் சுமந்திருக்கிறாள்.

அவர் எழுந்தார். பையிலிருந்து இருபது கிலோ கல்லை எடுத்து மேடையில் வைத்தார். கல்லைப் பற்றி அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இத்தனை வருஷமாக அவற்றைத் துடைத்து வைப்பவள் அவள்தான். மேடை பதினெட்டரை என்றது. அவள் எண்ணைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள், கடைசியில் அவரைப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லையா?"

"இல்ல."

"உங்களுக்கும் இறங்கவே இல்லையா?"

"ஏறிடுச்சு. உன் முகத்தப் பாக்க வெக்கமா இருந்துச்சு."

அவள் அடுக்களைக்குப் போய் வெகுநேரம் அழுதாள். உயிர் பிழைத்த அழுகையா, ஏமாந்த அழுகையா என்று கேட்க அவருக்கு யோக்கியதை இல்லை.

மறுநாள் அவரையும் கிளினிக்குக்கு அழைத்துப்போனாள். ரிசல்ட்டில் ஒரு குறையும் இல்லை. "எங்க மெஷின் கெட்டுப்போச்சுன்னீங்களே, இன்னொரு தடவ ஏறுங்க, பாத்துடலாம்" என்று நர்ஸ் சிரித்தாள். பெஞ்சு நிறைய ஆட்கள். மனைவி ஏறவில்லை.

"இவர்தான் என் வீட்டுக்காரர். மெஷின் சரியா, கெட்டதான்னு இவரையே கேளுங்க" என்றாள்.

பெஞ்சு மொத்தமும் அவர் பக்கம் திரும்பியது. கல்லுக்காரருக்குக் காது மடல் வரை எரிந்தது.

"இது சரியான மெஷின்தாம்மா," என்றார். "எங்க வீட்டுல இருக்கறதுதான் கெட்டது. நான்தான் கெடுத்தேன்."

சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றி, அவரே ஏறி நின்றார். மனைவி குனிந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் படிக்கிற அதே உரத்த குரலில், எண்ணைப் படித்தாள்.