என் மேஜைமேல் நின்ற ஆம்புலன்ஸ்

ரவுட்டரில் ஜிபிஎஸ் போடப் போகும் தம்பி, தங்கைகளுக்கு நான் பயந்து நடுங்கிய ஒரு மதியத்தைப் பற்றிச் சொல்கிறேன். நீங்கள் சிரித்துக்கொள்ளலாம். நான் அன்று சிரிக்கவில்லை.

கள்ளக்குறிச்சியில் ஆம்புலன்ஸ்களுக்கு இன்டர்நெட் ரவுட்டர் பொருத்துவது என் வேலை. வண்டி இருக்கும் இடத்தை ரவுட்டர் கண்ட்ரோல் ரூமுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். மேப்பில் எந்த வண்டியின் புள்ளி பக்கத்தில் இருக்கிறதோ, அதன் டேப்லெட்டுக்குத்தான் கேஸ் போகும். அந்தோணி அண்ணன் ஓட்டும் மலை வண்டிக்கு முந்தின நாள் மாலைதான் மாட்டிக் கொடுத்திருந்தேன்.

மறுநாள் மதியம் கண்ட்ரோல் ரூமிலிருந்து கவிதா கூப்பிட்டார்.

“இன்னாண்ணே மாட்டிக் குடுத்தீங்க? அந்தோணி வண்டி காலையிலயே மலைக்குப் போயிடுச்சாம். மேப்புல ஷெட்டாண்டயே நிக்குது. அவரு போனும் போவல.”

“ஆன்டெனாவ எதுலனா இடிச்சிருப்பாரும்மா. மலை ரோடு இல்ல?”

பழியை டிரைவர் தலையில் இறக்குவதில் எனக்கு இருபது வருட அனுபவம்.

“வெள்ளிமலைக்கு மேல ஒரு பொண்ணுக்குப் பிரசவ வலிண்ணே. ரத்தம் ஜாஸ்தியா போவுதாம். கேஸு கச்சிராயபாளையம் வண்டிக்குப் போயிருக்கு. அது மேல ஏறவே ஒன்றரை மணி நேரம் ஆவும். மேப்புல பக்கத்துல காட்டுனாதான் அந்தோணிக்கு மாத்த முடியும்.”

மேப்பைப் பெரிதாக்கினேன். புள்ளி ஷெட்டில் இல்லை. பக்கத்துக் கட்டடத்தில், எங்கள் ஆபீஸ் கூரைமேல், கிட்டத்தட்ட நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் நின்றது.

ஆபீஸுக்குள் சேட்டிலைட் சிக்னல் கிடைக்காது. அதனால் டெஸ்ட் பண்ணுவதற்காக ஆபீஸின் அட்சரேகை, தீர்க்கரேகையை ரவுட்டரில் நானே கையால் அடித்து வைத்திருந்தேன். மேப்பில் புள்ளி வந்ததும் ‘ஆஹா’ என்று டீ குடிக்கப் போனவன், அதை மாற்றவே இல்லை. அந்த வண்டி எங்கே போனாலும் என் மேஜையில் இருப்பதாகவே சொல்லும்.

வண்டிக் கூரையில் பெரிய ஆன்டெனா இருந்ததால், போன் போகாத இடத்திலும் ரவுட்டர் உயிரோடு இருந்தது. இங்கிருந்தே லாகின் செய்தேன். பாஸ்வேர்டை இரண்டு முறை தப்பாக அடித்தேன். ‘மேனுவல்’ என்பதை ‘ஜிபிஎஸ்’ஸுக்கு மாற்றி சேவ் கொடுத்தேன். திரை வெள்ளையாகிவிட்டது. ரவுட்டர் ரீஸ்டார்ட். மறுபடி டவர் பிடிக்காவிட்டால்?

பிடித்தது. சேட்டிலைட், பூஜ்யம். நாலு கிடைத்தால்தான் இடம் தெரியும். ஒன்று. இரண்டு. மறுபடி ஒன்று.

“அண்ணே, அந்தப் பொண்ணோட மாமியா லைன்ல அழுதுக்கினு இருக்காங்க.”

“லைன வெச்சிடாதம்மா” என்றேன், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

மூன்று. நான்கு. புள்ளி என் நாற்காலியை விட்டு எழுந்து மலைமேல் போய் உட்கார்ந்தது. அந்தப் பெண்ணின் ஊருக்கு ஆறு கிலோமீட்டர். கவிதா கேஸை மாற்றினார்.

இருபது நிமிடத்தில் அந்தோணி அண்ணன் போய்ச் சேர்ந்தார். ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில், வண்டிக்குள்ளேயே பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள்.

அன்றிலிருந்து, வண்டி தெருமுனை வரை ஓடி, புள்ளியும் கூடவே ஓடுவதைப் பார்க்காமல் நான் எந்த வண்டிக்கும் கையெழுத்துப் போடுவதில்லை. நீங்களும் போடாதீர்கள்.

மறுநாள் அந்தோணி அண்ணன் ஆபீஸுக்கு வந்து என் மேஜையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“நேத்து மத்தியானம் வரிக்கும் நான் இங்கதான சார் இருந்தேன்? ஒரு டீ கூட குடுக்கலியே நீங்க?”

வாங்கி வந்து கொடுத்தேன்.