முங்காத கை

ஏரிச் சேற்றின் வாடை ஒரு வெள்ளைப் புடவைக்குள் புகுந்துவிட்டால் எத்தனை முறை அலசினாலும் போகாது என்பதை ஒன்பது வயதிலேயே தெரிந்துகொண்டவள் நான். சொட்டு நீலம் போட்டு, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, மடித்துப் பெட்டியில் வைத்த பிறகும் அம்மாவின் அந்தப் புடவையை எடுத்து முகர்ந்தால் பாசியும் மீனும் கலந்த ஒரு வாடை மூக்கில் ஏறும். அதை அவள் உயிரோடு கட்டியது ஒரே ஒரு நாள்தான். எங்கள் ஊர் ஏரியில், மதகுக்குப் பக்கத்தில், இடுப்பளவு தண்ணீரில் நின்று அவள் ‘முழுக்கு ஞானஸ்நானம்’ எடுத்த நாள் அது.

ஒரகடம் பக்கம் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த காலம். அப்பாவுக்குக் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் ‘பைனல் இன்ஸ்பெக்‌ஷன்’ வேலை. லைனில் வரும் ஒவ்வொரு பீஸையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, நல்லதாக இருந்தால் பச்சை ஸ்டிக்கரும் கோளாறு இருந்தால் சிவப்பு ஸ்டிக்கரும் ஒட்ட வேண்டும். அப்பா பழைய மிஷன் கோயில்காரர். கைக்குழந்தையாக இருக்கும்போது போதகர் தலையில் தண்ணீர் தெளித்ததோடு தன் ஆத்துமா விஷயம் முடிந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தவர். அம்மாவுக்கும் அப்படித் தெளித்ததுதான். ஆனால் படப்பை போகிற சாலையில், புதிதாகப் பிளாட் போட்ட இடத்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரையோடு ஒரு சின்ன சபை முளைத்ததும் அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு அங்கே போக ஆரம்பித்தாள். அங்கே பாட்டு நன்றாக இருக்கும், பெண்கள் வாய்விட்டு அழலாம், அதுதான் காரணம் என்று அப்பா சொல்லுவார். அது மட்டுமில்லை என்பது எனக்குத் தெரியும்.

அந்தச் சபையின் பாஸ்டர் தெற்கத்திக்காரர். வாரநாளில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர், ஞாயிற்றுக்கிழமையில் பாஸ்டர். ஆராதனை முடிகிற நேரத்தில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. “எல்லாரும் கண்ண மூடிக்கிடுங்க. யாரும் யாரையும் பாக்கக் கூடாது. இந்த நிமிசம் கர்த்தர் வந்தா நான் அவரோட மோட்சத்துக்குப் போயிருவேன்னு நிச்சயமாத் தெரிஞ்சவங்க மட்டும் வலது கைய ஒசத்துங்க” என்பார். நான் விரலிடுக்கில் பார்ப்பேன். சபையில் முக்கால்வாசிக் கைகள் மேலே போயிருக்கும். பக்கத்தில் அம்மாவின் வலது கை மட்டும் மடியில், புடவைத் தலைப்புக்கு அடியில், ஏதோ திருடி ஒளித்து வைத்ததைப் போலக் கிடக்கும். கேட்டால், “நிச்சயம் இல்லாம எப்டிடி தூக்கறது? அது அவரு முன்னாடி பொய் சொல்றாப்புல ஆயிடும்ல” என்பாள். அம்மாவுக்குப் பொய் வராது. பஸ்ஸில் எனக்கு அரை டிக்கெட் வாங்கும்போதுகூட, கேட்காமலேயே வயதைச் சொல்லிவிடுவாள்.

ஞானஸ்நானம் எடுத்தால் அந்த நிச்சயம் வரும் என்று யாரோ ஒரு அக்கா அவளிடம் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்குத் தண்ணீர் என்றாலே பயம். ஏரியில் துணி துவைக்கும்போதுகூடக் கணுக்காலுக்கு மேல் இறங்கமாட்டாள். அப்படிப்பட்டவள் அன்று காலை வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீர் வரைக்கும் நடந்து போனாள். அன்றைக்குக் கிருத்திகை வேறு. வல்லக்கோட்டைக்குக் காவடி எடுத்துப் போகிறவர்கள் கரைமேல் நின்று எங்களை வேடிக்கை பார்த்தார்கள், நாங்கள் அவர்களை வேடிக்கை பார்த்தோம். எட்டுப் பேரில் அம்மா கடைசி. இரண்டு கைகளையும் மார்பின்மேல் குறுக்காக மடித்துக்கொள்ள வேண்டும், பாஸ்டரும் இன்னொருவரும் தோளைப் பிடித்துப் பின்னால் சாய்த்து ஒரே முக்காக முக்கி எடுப்பார்கள். அவ்வளவுதான். கண்மூடித் திறப்பதற்குள் அம்மா எழுந்து, மூக்கில் தண்ணீர் ஏறி இருமி, அழுது, கடைசியில் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் கை மேலே போனது. அதற்கடுத்த வாரமும் போனது. மூன்றாவது வாரம் மற்றவர்களுக்கு முன்னாலேயே போனது. வீட்டில் பாட்டுப் பாடிக்கொண்டே பாத்திரம் துலக்கினாள். நைட் ஷிப்ட் முடிந்து வரும் அப்பாவிடம் எரிந்து விழுவதை விட்டாள். எனக்கு மட்டும் ஒரு பயம் பிடித்துக்கொண்டது. அம்மா போய்விடுவாள், நான் இங்கேயே இருப்பேன் என்ற பயம். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வாசலில் அவள் செருப்பு மட்டும் கிடந்து ஆள் இல்லாவிட்டால், கர்த்தர் வந்துவிட்டுப் போய்விட்டார் என்று நினைத்து ஏரிக்கரை வரைக்கும் அழுதுகொண்டே ஓடியிருக்கிறேன். அவள் பக்கத்து வீட்டில் கறிவேப்பிலை வாங்கப் போயிருப்பாள்.

ஒரு சனிக்கிழமை, ஞாயிறு பள்ளிக்கு மனப்பாட வசனம் படித்துவிட்டேன் என்று பொய் சொல்லி மாட்டிக்கொண்டேன். அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அடிக்கக்கூட எழுந்து வரவில்லை. “பொய் சொல்றவ இங்கியே கெட. கர்த்தர் வந்தா நான் பாட்டுக்குப் போயிக்கினே இருப்பேன்” என்றாள், சிரித்துக்கொண்டுதான். என் பயம் கோபமாக வெளியே விழுந்தது.

“நீயும் போமாட்ட. உன் கை முங்கவே இல்ல. நான் பாத்தேன்.”

அம்மா மீனைக் கீழே வைத்தாள்.

“இன்னா சொன்ன?”

“எல்லாம் முங்குச்சி. வலது கை மட்டும் வெளிய நின்னுகினு பாஸ்டரு சட்டையப் புடிச்சிகினு இருந்துச்சி.”

பயத்தில் அவள் கை கடைசி நொடியில் மார்பிலிருந்து பறந்து போய் பாஸ்டரின் சட்டையைப் பிடித்ததை நான் பார்த்தேனா, அல்லது அவளைக் கீழே இழுத்துப் போட அந்த நேரத்தில் என் வாய்க்குக் கிடைத்த கல் அதுதானா? இருபது வருடமாக யோசிக்கிறேன். வெயில் தண்ணீரில் பட்டுக் கண் கூசியது மட்டும்தான் உறுதியாக நினைவிருக்கிறது. அன்று அம்மா செதில் ஒட்டிய தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், அப்பா பீஸைப் பார்ப்பாரே அப்படி. அந்தப் பார்வையைக் கண்டதும், “சும்மா சொன்னேம்மா” என்று காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். “கோவத்துலதான்டி நெஜம் வாய்ல வரும்” என்றுவிட்டாள். கொட்டின பாலை அள்ள முடியுமா? நான் என்ன சொன்னாலும் அவளைச் சமாதானப்படுத்தச் சொல்வதாகவே ஆகிவிட்டது.

மறுநாள் அவள் பாஸ்டரிடம் கேட்டாள். அவர் நல்ல மனிதர், சிரிக்கவில்லை. “அதான் சிலுவையிலயே எல்லாம் முடிஞ்சிட்டுல்லா, பொறவு கையப் பத்தி என்னத்துக்கும்மா ரோசன? முங்குனா முங்குனதுதான்” என்றார். முழுக்கு என்றால் முழுசாக இருக்க வேண்டும் என்று பிரசங்கம் செய்தவரும் அவர்தான், தெளிப்பது செல்லாது என்று சொன்னவரும் அவர்தான். அப்படியிருக்க, ஒரு கை குறைந்தால் மட்டும் எப்படிச் செல்லும் என்பது அம்மாவின் கேள்வி. அதைப் பாஸ்டரிடம் கேட்க அவளுக்கு நா எழவில்லை, வீட்டில் அப்பாவிடம் கேட்டாள். “எஸ்தரு, சிலுவையில தொங்கின கள்ளன் எந்த ஏரில போய் முங்கினான்? கர்த்தர் அவனையே மோட்சத்துக்கு இட்டுக்கினு போவலியா?” என்று அப்பா கேட்டார். நல்ல பதில்தான். அம்மா, “அவனுக்கு அவரே வாயால சொன்னாரு. எனக்கு யாரு சொன்னாங்க?” என்றாள். அப்பா துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். அந்த ஞாயிறு முதல் அவள் கை மறுபடியும் தலைப்புக்கு அடியில் போய்விட்டது.

அந்தக் கை செய்த பெரிய பாவம் என்று எனக்குத் தெரிந்தது, என்னைத் துடைப்பத்தால் இரண்டு முறை அடித்தது ஒன்றுதான். மற்றபடி சோறு பொங்கிய கை, மாடு கறந்த கை.

மறு வருடம் அவள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேறொரு சபையைக் கண்டுபிடித்தாள். அங்கே மேடைக்கு அடியில் டைல்ஸ் ஒட்டிய தொட்டி இருந்தது. பழைய இடத்தில் எடுத்தது சரியில்லை என்று அந்தப் பாஸ்டர் தாராளமாகவே சொல்லிவிட்டார். தெளித்ததையும் சேர்த்தால் இது மூன்றாவது. “லைன்ல ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனா ஒருவாட்டி ரீவொர்க் பண்ணலாம். உங்கம்மாவ எத்தினிவாட்டிதான் ரீவொர்க் பண்றது?” என்று அப்பா என்னிடம் அலுத்துக்கொண்டார். ஆனாலும் அவரே பைக்கில் எங்களைக் கொண்டுவந்து விட்டார்.

தொட்டியில் இறங்கும் முன் அம்மா என்னை விளிம்பிலேயே நிற்கவைத்தாள். “நல்லாப் பாத்துக்க. வெரல் நுனிகூட வெளிய தெரியக்கூடாது. தெரிஞ்சா அங்கியே கத்திடு” என்றாள். பத்து வயதில் அம்மாவின் மோட்சத்துக்குப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டும் வேலை எனக்கு. பாஸ்டர் அவளைச் சாய்த்தார். தெரிந்துவிடுமோ, தெரிந்தால் கத்த வேண்டுமே என்று நினைத்த அந்த நொடியில் நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். திறந்தபோது அவள் எழுந்து நின்று, முகத்தில் வழியும் தண்ணீருக்குள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முங்குச்சிம்மா” என்றேன். தலையை ஆட்டினாள்.

அதற்குப் பிறகு அவள் கை ஞாயிற்றுக்கிழமைகளில் பாதி வரைக்கும், தோள் உயரத்துக்கு, மேலே போகும். அங்கேயே கொஞ்சம் நின்றுவிட்டு இறங்கிவிடும். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்டதில்லை. கேட்கத் தைரியமில்லை.

நானும் வளர்ந்து, லைன் வேலைக்குப் போய், கல்யாணமாகி, ஒரு மகளுக்கும் தாயானேன். போன வருடம் அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. முதல் ஷிப்ட் முடிந்ததும் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக ஆஸ்பத்திரிக்குப் போவேன். உடம்பு வீங்கி, ஊசி குத்திய வலது கை கறுத்துப் போய்க் கிடக்கும். ஒரு சாயங்காலம் அவளாகவே, “கிரேசு, நான் போயிருவேன்ல?” என்று கேட்டாள். எங்கே என்று இருவருக்கும் தெரியும்.

“போவம்மா. கண்டிப்பாப் போவ. அன்னிக்கி ஏரில உன் கை முங்குச்சி. நான் கோவத்துல அப்படிச் சொல்லிட்டேன்” என்றேன்.

“அப்ப சொன்னது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா?”

அப்போதாவது ஒரு பொய்யை அழுத்தமாகச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. “ரெண்டாவது வாட்டி, தொட்டில...” என்று இழுத்தேன்.

அம்மா கறுத்த கையால் என் மணிக்கட்டைத் தட்டினாள். “தொட்டில நீ கண்ண மூடிக்கின. நான் பாத்துக்கினேதான் முங்குனேன். வுடு, நீ சின்னப் பொண்ணு, பயந்துட்ட” என்றாள். இத்தனை வருடமும் அதைத் தெரிந்துகொண்டே, என் மனம் நோகக் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறாள். அதற்குப் பிறகு எட்டு நாள் இருந்தாள். அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை. பதில் கிடைத்ததா, கேட்டுப் பயனில்லை என்று விட்டுவிட்டாளா, தெரியாது.

வீட்டுக்குப் பின்னால் தட்டி மறைத்து, பெண்கள் நாங்கள் அவளைக் குளிப்பாட்டினோம். அத்தை தலைக்கு ஊற்றினார். நான் அம்மாவின் வலது கையை எடுத்து, பக்கத்திலிருந்த பக்கெட் தண்ணீரில் முழங்கைக்கு மேல் வரைக்கும் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். விரல் நுனி, நகம், மணிக்கட்டு, எல்லாம் உள்ளே. இந்த முறை கண்ணை மூடவில்லை. “இன்னாம்மா பண்ற, பெட்டி வந்துடுச்சி, நேரமாவுது” என்று அத்தை அதட்டும்வரை எடுக்கவில்லை. அது ஞானஸ்நானம் ஆகாது என்று எனக்குத் தெரியும். வேறு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

அந்த வெள்ளைப் புடவையைத்தான் அவளுக்குக் கட்டினோம். அந்த வாடையும் அவளோடு மண்ணுக்குள் போய்விட்டது. ஏரியின் மதகுப் பக்கம் இப்போது கம்பிவேலி, உள்ளே ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது, தண்ணீர் கண்ணுக்குத் தெரிவதில்லை. பழைய பாஸ்டர் ஐயா தெற்கே தன் ஊரோடு போய்விட்டார். இப்போது நான் போகும் அந்த ஆஸ்பெஸ்டாஸ் சபை மாடிக் கட்டடமாகி, ஏசியும் பெரிய திரையும் வந்துவிட்டன. புதுப் பாஸ்டர் சின்ன வயதுக்காரர். ஆனாலும் அந்தக் கேள்வி மட்டும் போகவில்லை. ஆராதனை முடியும்போது அவரும் கண்ணை மூடச் சொல்லி, நிச்சயம் உள்ளவர்களைக் கை தூக்கச் சொல்கிறார்.

எனக்கு நிச்சயம் இல்லை. அம்மாவைப் பற்றியும் இல்லை, என்னைப் பற்றியும் இல்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் ஆறு வயது மகள் கண்ணை மூடியிருக்கமாட்டாள், விரலிடுக்கில் என் மடியையே பார்த்துக்கொண்டிருப்பாள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அம்மாவால் கடைசிவரை சொல்ல முடியாத அந்தப் பொய்யை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் சொல்கிறேன். என் வலது கையை, முழுசாக, மேலே தூக்கிவிடுகிறேன்.