விபூதிப் புதனுக்கு முன்பு எடுத்த கடை

கென்னடி வீதியால் வடக்கே நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. பின்னால், நான் வாடகைக்கு எடுத்து இன்னும் திறக்காத கடை. திரும்பிப் பார்க்கவில்லை. பங்குனி மாதத்து வெள்ளிக்கிழமை. உருகின பனி சப்பாத்துக்குள் இறங்கிவிட்டது. கடைச் சொந்தக்காரர் சொன்னது மட்டும் காதுக்குள் நின்றது.

"கையெழுத்து வைச்சிட்டியள் தம்பி. இனி நான் என்ன செய்யிறது? வாடகை வாடகைதான்."

சகோதரங்களே, ஓடுவது எனக்குப் புதிதல்ல. மன்னாரில் எட்டாம் வகுப்போடு இடம்பெயர்ந்தோம். அதற்குப் பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. கட்டாரில் கட்டட வேலை. கனடா வந்து தக்காளித் தோட்டம், அல்பேர்ட்டாவில் இறைச்சித் தொழிற்சாலை, ஒஷாவாவில் பண்டகசாலை. ஓரிடம் சரிவராவிட்டால் பையைத் தூக்குவேன். மனைவி பிள்ளைகள் இல்லை. ஏன் போகிறாய் என்று கேட்க ஆள் இல்லை. அன்றைக்கும் அல்பேர்ட்டாவில் இருந்த கூட்டாளி ஒருவன் வரச் சொல்லியிருந்தான்.

இந்த முறை மட்டும் கேட்க ஒரு ஆள் இருந்தார். எங்கள் செபக் குழுவில் இருக்கும் ஜெசிந்தா அக்கா, ஒஷாவாவுக்குப் போக முன்பிருந்தே பழக்கம். கடைக்காக நான் எடுத்த சீட்டுப் பணத்துக்குப் பொறுப்பு நின்றவர் அவர்தான். நான் போனால் என் பங்கையும் மாதாமாதம் அவரே கட்ட வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரே நல்ல வேலை, உள்ளே இறைச்சியும் கிழங்கும் வைத்துப் பொரிக்கிற றோல்ஸும் பற்றிஸும் செய்வது. டோர்செட் பார்க் பகுதியில் நான் இருந்த மாடிக் கட்டடத்தில் சாப்பிட்டவர்கள் எல்லோரும் ஒரு கடை போடச் சொன்னார்கள். நாற்பது வயது தாண்டிவிட்டது. ஓரிடத்தில் நிற்க வேண்டும் என்று எனக்கும் ஆசை வந்தது.

முதலில் வங்கிக்குப் போனேன். அங்கே இருந்தது ஒரு தமிழ்ப் பிள்ளைதான், இங்கே பிறந்தவள்.

"அங்கிள், உங்கட கிரெடிட் ஹிஸ்ட்ரி சரியான குறைவு. ஏன் இவ்வளவு அட்ரஸ்?"

"வேலை இருந்த இடத்தில இருந்தனான் பிள்ளை."

"பிஸ்னஸ் பிளான் இருக்கா?"

"றோல்ஸ் பொரிச்சு விக்கிறதுதான் பிளான்."

அவள் சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் கடன் வரவில்லை. கடைசி வருடங்களின் வரிக் கணக்கு, ஈடு வைக்க ஏதாவது சொத்து, இவை இரண்டும் வேண்டும் என்றாள். எனக்கு இரண்டும் இல்லை. வேறு உதவித் திட்டங்களையும் தேடினேன். இளைஞர்களுக்கு ஒன்று இருந்தது, எனக்கு வயது போய்விட்டது. புதிதாய் வந்தவர்களுக்கு ஒன்று இருந்தது, நான் வந்து கனகாலம். அதனால்தான் சீட்டு எடுத்தேன். ஊர் ஊராய் அலைகிறவனை நம்பி யார் முதலே சீட்டைத் தருவார்கள்? ஜெசிந்தா அக்கா தலையைக் கொடுத்தார்.

அப்போது கென்னடி வீதியில் ஒரு பிளாசாவில் சிறிய கடை ஒன்று காலியானது. முன்பு தையற்கடை. அடுத்த கிழமை விபூதிப் புதன், தவக்காலம் தொடங்குகிற நாள். நம்மவர்கள் தவக்காலத்தில் நல்ல காரியம் தொடங்குவதில்லை, உங்களுக்குத் தெரியும். கலியாணம் வைக்க மாட்டோம், வீடு குடிபுக மாட்டோம். உயிர்ப்புத் திருநாள் வரைக்கும் பொறுத்தால் கடை வேறு கைக்குப் போய்விடும். "அதுக்கு முதலே எடுத்து மந்திரிச்சுப் போடு," என்றார் ஜெசிந்தா அக்கா. சனிக்கிழமை கையெழுத்து வைத்தேன். ஞாயிறு பூசை முடிய சுவாமியார் வந்து செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்துக் கடையை மந்திரித்தார். எல்லோரும் தேத்தண்ணீர் குடித்து என்னை வாழ்த்தினார்கள்.

திங்கட்கிழமை உணவுக் கடைக்கான அனுமதிப்பத்திரம் கேட்டு நகரசபைக்குப் போனேன்.

வணிகப் பெயரை முன்பே பதிந்திருந்தேன். உணவு கையாளும் சான்றிதழை இரண்டாம் தரம் எழுதித்தான் பாஸ் பண்ணினேன். சட்டம் என்றால் இவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். அங்கே இருந்த பெண்மணி மரியாதையாகத்தான் சொன்னார். இது தையற்கடையாக இருந்த இடம். இங்கே எண்ணெயில் பொரிப்பதென்றால் கட்டடத்தின் பாவனையை மாற்ற அனுமதி எடுக்க வேண்டும். தகுதி உள்ளவர் வரைந்த வரைபடம் வேண்டும். அடுப்புக்கு மேலே புகையை இழுக்கும் ஹூட், தீயை அணைக்கும் ஏற்பாடு, கழிவுத் தண்ணீரில் கொழுப்பைப் பிடிக்கும் தொட்டி, எல்லாம் வேண்டும். பிறகு கட்டடப் பரிசோதனை, சுகாதாரப் பரிசோதனை. அதற்குப் பிறகுதான் அனுமதிப்பத்திரம்.

ஹூட் பூட்டுகிறவர் சொன்ன விலையே நான் எடுத்த சீட்டைத் தாண்டியது.

மறுபடி வங்கி. இல்லை என்றார்கள். ஒரு வழக்கறிஞரிடம் போனேன். அனுமதி கிடைக்காவிட்டால் ஒப்பந்தம் முறியும் என்று ஒரு வரி எழுதியிருந்தால் தப்பியிருக்கலாம் என்றார். அந்த வரி இல்லை. எழுதக் கேட்க எனக்குத் தெரியாது. திறக்காத கடைக்கு வாடகை ஓடத் தொடங்கியது. ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். ஒவ்வொரு கதவிலும் நல்ல மரியாதையாக இல்லை என்றார்கள். ஏசியிருந்தால் நானும் ஏசியிருப்பேன். அந்த ஆறுதலும் கிடைக்கவில்லை.

கடைசியில் கடைச் சொந்தக்காரரிடமே போய் என்னை விட்டுவிடச் சொல்லி மன்றாடினேன். அவர் சொன்னதைத்தான் மேலே எழுதினேன். அப்படியே வெளியே வந்து நடந்தேன்.

போகிற வழியில் எங்கள் கோவில். தவக்கால வெள்ளிகளில் செய்கிற சிலுவைப்பாதைச் செபம் நடந்துகொண்டிருந்தது. பக்தியில் உள்ளே போகவில்லை. கால் விறைத்துப் போயிருந்தது, பஸ்ஸையும் காணவில்லை. கடைசி வரிசை வாங்குக்குப் பின்னால் நின்றேன். மற்றவர்கள் முழந்தாளிட்டார்கள். நான் இடவில்லை. மனதுக்குள் ஆண்டவரோடு சண்டை பிடித்தேன்.

"உமக்கு மரியாதை செய்யத்தானே தவக்காலத்துக்கு முன்பு கையெழுத்து வைத்தேன். அதிலேயே மாட்டிவிட்டீரே. கடையைத் தாரும். இல்லாவிட்டால் என்னைப் போக விடும். இரண்டில் ஒன்றை இன்றைக்கே சொல்லும்."

என் செபம் அவ்வளவுதான். அழகான செபம் இல்லை.

முடிந்ததும் மண்டபத்தில் கஞ்சி கொடுத்தார்கள். பசி, வரிசையில் நின்றேன். அகப்பையோடு நின்றது ஜெசிந்தா அக்கா.

"உதென்ன பை?"

"உடுப்பு."

"உடுப்பெண்டு தெரியுது. எங்க வெளிக்கிட்டனி? அல்பேர்ட்டாவுக்கோ?"

"போய் உழைச்சு அனுப்புவன் அக்கா."

"அனுப்புவாய்! ஒஷாவாவுக்குப் போன நீ ஒரு ஃபோன் எடுக்கேல்லை. அல்பேர்ட்டாவில இருந்து காசு அனுப்பப் போறியோ?"

பின்னால் நின்றவர், "அக்கா, கஞ்சி ஆறுது," என்றார்.

"ஆறட்டும் அண்ணை. இவனுக்குத்தான் சூடு போடோணும்." பிறகு குரலைத் தணித்தார். "கெதியா மந்திரிக்கச் சொன்னது நான். அது என்ர பிழை. ஆனா நீ ஓடினா அது உன்ர பிழை. விளங்குதோ?"

நான் கஞ்சிக் கோப்பையை நீட்டினேன்.

"நான் வேலை செய்யிற கேற்ரறிங் கிச்சினில ஒரு பிள்ளை நேற்றோட வேலையை விட்டு நிண்டிட்டாள். நாளைக்குப் பெரிய ஓடர். முதலாளி ஆள் தேடுறார். வாறியோ?"

"நான் கேட்டது கடை அக்கா."

"கடையை என்னட்டையோ கேட்டனி?"

யாரிடம் கேட்டேன் என்று எனக்குத் தெரியும். இன்றைக்கே சொல்லும் என்று கேட்டதும் நான்தான். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த நேரம் எனக்கு நன்றி வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. கடை கேட்டவனுக்குக் கூலி வேலையா? அந்த எரிச்சலோடுதான் "வாறன்" என்றேன்.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்தச் சமையலறைக்கு நகரசபை கேட்கிற எல்லாம் ஏற்கெனவே இருந்தது. மத்தியானத்துக்குப் பிறகு அது சும்மா கிடக்கும். சில மாதம் என் வேலையைப் பார்த்த முதலாளி, அந்த நேரத்தை எனக்கு வாடகைக்குத் தந்தார். அங்கே வைத்து என் பெயரிலேயே பரிசோதனை முடித்து அனுமதிப்பத்திரம் எடுத்தேன். பிளாசாக் கடையைச் சேலை பிளவுஸ் தைக்கும் ஒரு அன்ரி பொறுப்பெடுத்தார். முன்பும் தையற்கடை என்பதால் பெரிய மாற்றம் ஒன்றும் தேவைப்படவில்லை. சொந்தக்காரர் சம்மதித்தார். கொடுத்த முற்பணம் மட்டும் திரும்பி வரவில்லை. சீட்டை இன்னும் கட்டுகிறேன், நானே கட்டுகிறேன். கடை இன்னும் இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் சில நாள் கோபம் வரும். ஆனாலும் நன்றி சொல்கிறேன். ஆண்டவர் என்னைக் கைவிட்டிருந்தால் நான் அன்றைக்கே பஸ் ஏறியிருப்பேன்.

தொழில் தொடங்க நினைக்கிற சகோதரங்களே, கையெழுத்து வைக்க முன்பு நகரசபையில் கேளுங்கள். அதற்காக ஆண்டவர் கோபிக்க மாட்டார். தவக்காலமானாலும் கேளுங்கள். வழி எல்லாம் அடைத்துப்போய்க் கோபம் வந்தால், அந்தக் கோபத்தோடேயே அவர் முன்னால் போய் நில்லுங்கள். நல்ல வார்த்தை தேட வேண்டாம். என்னிடமும் இருக்கவில்லை. அவர் கேட்டார்.

கஞ்சி குடித்த அந்த வெள்ளிக்கு அடுத்த நாள் காலையைச் சொல்லி நிறுத்துகிறேன். விடிய முன்பே ஜெசிந்தா அக்கா தன் காரில் கூட்டிக்கொண்டு போனார். முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இண்டைக்கு மட்டுமோ, இல்லை திங்களும் வருவியளோ?"

எந்த வேலையிலும் இந்தக் கேள்விக்கு நான் யோசிக்காமல் ஓம் என்று சொல்லிவிடுவேன். சொல்வதற்குக் காசா பணமா. அன்றைக்குச் சற்று நேரம் எடுத்தது.

"ஓம். வருவன்."

மெய்யாகவே சொன்னதால் எனக்கே பயமாக இருந்தது. றோல்ஸ் சுற்றத்தான் கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைத்துக் கையைக் கழுவிக்கொண்டு மேசைக்குப் போனேன். முதலாளி ஒரு மூட்டை உருளைக்கிழங்கைக் காட்டினார். உரிக்கத் தொடங்கினேன்.