என்னுடைய கூடுதல் குழாய்

எனக்குப் பிறக்கும்போதே சிறுநீர்க் குழாய் ஒன்று கூடுதல். மூன்றாம் வகுப்புப் படிக்கையில் அது தெரியவந்தபோது, யாரோ என் பெயருக்குக் கூடுதலாக ஒரு மா வயல் எழுதிவைத்ததுபோல ஒரே பெருமை.

அதுவரை வீட்டில் எனக்குச் சோம்பேறி என்று பெயர். ஒழுங்காகத்தான் பாத்ரூம் போவேன். ஆனாலும் நாள் முழுக்கப் பாவாடை சொட்டுச் சொட்டாக நனைந்துகொண்டே இருக்கும். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார யாரும் வரமாட்டார்கள். எழுந்து போகச் சோம்பல், போதாக்குறைக்குத் திமிர் என்று அம்மா முடிவு கட்டியிருந்தாள். மந்திரித்துக் கயிறு கட்டிப் பார்த்தார்கள். கயிற்றுக்கு அடங்காததை அம்மா பிரம்பால் அடக்கப் பார்த்தாள்.

தஞ்சாவூர் டாக்டர்தான் ஸ்கேன் எடுத்துப் பார்த்துச் சொன்னார். இடது சிறுநீரகத்திலிருந்து இரண்டு குழாய்கள் இறங்குகின்றன. ஒன்று ஒழுங்காகச் சிறுநீர்ப்பையில் சேர்கிறது. மற்றது பையைத் தாண்டி, அடக்கிவைக்கும் தசைக்கும் கீழே வந்து திறக்கிறது. அபூர்வமான பிறவிக் கோளாறு என்றார்.

அப்பா கீழ்வேளூர் பக்கம் நெல் விவசாயம் பார்ப்பவர். "வாய்க்கா மடைக்குக் கீழ வந்து விழுதுன்னு சொல்லுங்க. மடைய எவ்ளோ இறுக்கி அடைச்சாலும் தண்ணி ஓடத்தானே செய்யும்?" என்றார்.

"அதேதாங்க," என்று டாக்டர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

வயிற்றைக் கிழிக்காமல் சின்னச் சின்னத் துளை போட்டு, ஒன்றின் வழியே கேமராவை விட்டு, வழிதவறிய குழாயை நல்ல குழாயோடு சேர்த்துத் தைப்பார்களாம்.

"உள்ள இருட்டா இருக்குமே டாக்டர்?" என்று கேட்டேன்.

"லைட்டும் கூடவே போவும்மா."

அந்த வெளிச்சம் தொப்புள் வழியாக வெளியே தெரியுமா என்பதுதான் அன்று முழுவதும் என் யோசனை. அதைப் பார்க்க முடியாமல் மயக்க மருந்து கொடுத்துவிட்டார்கள்.

ஆபரேஷன் முடிந்து, செருகியிருந்த டியூபை எடுத்த பிறகு பாவாடை நனையவே இல்லை. தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். சந்தோஷம் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக உறவுக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். குடல்வால் ஆபரேஷன் என்று அம்மா எல்லாரிடமும் சொல்லிவைத்தாள். பொம்பளைப் பிள்ளை சமாச்சாரம் வெளியே போகக் கூடாதாம். டாக்டரே அபூர்வம் என்று சொன்னது போயும் போயும் குடல்வால் ஆகிவிட்டதில் எனக்கு ஆத்திரம். பட்டுக்கோட்டையிலிருந்து அப்பாவின் அக்கா வந்து உட்கார்ந்ததும் போட்டு உடைத்துவிட்டேன்.

"குடல்வாலெல்லாம் இல்ல அத்தை. பொறக்கும்போதே எனக்கு ஒரு குழாய் கூட இருந்துச்சு. அதான் ஒழுகிக்கிட்டே இருந்துச்சாம்."

அத்தை அம்மாவைப் பார்த்தார். "பொறவியிலயேவா? அப்ப புள்ள வேணும்னு செய்யலியா?"

"இல்லங்க அண்ணி," என்றாள் அம்மா. "அது மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் அடிச்சேன். அடிச்சுக்கிட்டே இருந்தேன்." அப்படியே தரையில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

சொன்ன பொய் மாட்டிக்கொண்டதே என்றுதான் அழுகிறாள் என்று நினைத்தேன். பக்கத்தில் போய், "அழுவாதம்மா, அத்தை யார்கிட்டயும் சொல்ல மாட்டாங்க," என்றேன். அம்மா என்னை இழுத்துக் கட்டிக்கொண்டு இன்னும் சத்தமாக அழுதாள்.