பார்க்க விடும், எழுத விடாது

அந்தத் தையல் கடையில் அண்ணிக்கு இரண்டு வேலைகள். ஒன்று காஜா எடுப்பது, அதாவது சட்டைக்குப் பட்டன் துளை தைப்பது. பதினெட்டு வருடமாகச் செய்கிறார், கண்ணை மூடிக்கொண்டும் செய்வார், அதற்காக ஒருவரும் அவரைத் தேடி ஓடி வந்ததில்லை. இன்னொன்று பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் புரோகிராம் எழுதுவது. ஐந்து வருடமாகத்தான் தெரியும், அதுவும் பாதி தெரியும், ஆனால் அவர் ஒரு நாள் வராவிட்டால் கடை தடுமாறியது அந்த வேலைக்காகத்தான்.

முதலாளி அவருடைய கொழுந்தன். அவர் கூப்பிட்டதைக் கேட்டு ஊழியர்கள் அண்ணி என்றார்கள், ஊழியர்களைக் கேட்டு வாடிக்கையாளர்கள் அண்ணி என்றார்கள். எழுபது வயதுப் பெரியவர் ஒருவர்கூடப் பேண்ட் அளவு கொடுக்கும்போது "அண்ணி, கொஞ்சம் லூசாவே இருக்கட்டும்" என்பார். அண்ணிக்கு அப்போது நாற்பத்தெட்டு.

புரோகிராம் வந்த கதைக்குக் காரணம் கூரை. முன்பு எல்லாருடைய அளவும் இருபத்துமூன்று நோட்டுகளில் இருந்தது. ஒரு மழைக்குக் கூரை ஒழுகி மூன்று நோட்டுகள் கூழாகிவிட்டன. அதில் இருந்தவர்களை எல்லாம் வரவழைத்து மறுபடி அளவெடுத்தார்கள். எட்டு வருடத்துக்கு முந்தைய இடுப்பை நம்பி நிம்மதியாக வாழ்ந்துகொண்டிருந்த பலருக்கு அந்த மாதம் உண்மை தெரியவந்தது. கடைக்கு வந்த கெட்ட பெயர் நோட்டு நனைந்ததால் அல்ல, அதனால்தான்.

"இதையெல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டா என்ன?" என்று முதலாளி பொதுவாகத்தான் கேட்டார். அண்ணி அதைத் தன்னைக் கேட்டதாக எடுத்துக்கொண்டார். மாலை வகுப்பில் சேர்ந்தார். இருபது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் கழுத்தில் இஞ்ச் டேப்போடு உட்கார்ந்திருந்த ஒரே மாணவி அவர்தான். கழற்றி வைக்க மறந்துவிடும். ஒன்பது மாதத்தில் ஒரு புரோகிராம் எழுதினார். அழகாக இல்லை, ஆனால் கேட்ட பெயருக்கு உரிய அளவைச் சரியாகக் காட்டியது. எல்லா அளவுகளும் முதலாளியின் கம்ப்யூட்டரில் டேட்டாபேஸ் என்ற ஒரே ஃபைலுக்குள் குடியிருந்தன. முன் மேசையில் இருக்கும் பெண் தன் திரையிலிருந்து அதில் எழுதுவாள், முதலாளி தன் திரையிலிருந்து எழுதுவார்.

தொல்லைகள் இல்லாமல் இல்லை. ஒரு நாள் முதலாளி தன் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்கிறேன் என்று அந்த ஃபைலை வேறு ஃபோல்டருக்கு நகர்த்திவிட்டார். புரோகிராம் வழக்கமான இடத்தில் தேடியது, காணவில்லை. காணவில்லை என்று சொல்லவும் இல்லை. யாருக்கும் தொந்தரவு தராமல் அதே பெயரில் காலி ஃபைல் ஒன்றைத் தானே உண்டாக்கிக்கொண்டு, மொத்த வாடிக்கையாளர்கள் பூஜ்யம் என்று காட்டியது. முதலாளி தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு உட்கார்ந்தார். அண்ணி பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தார். அன்றே, ஃபைல் இல்லாவிட்டால் புதிதாக உண்டாக்காதே, சத்தம் போடு என்று புரோகிராமுக்குப் புத்தி சொல்லிவைத்தார். மரியாதையான பிழையைவிடக் கூச்சல் போடும் பிழை மேல் என்பது அவர் அன்று எடுத்த முடிவு.

இந்தக் கதையின் தொல்லை வேறு. அது ஒரு செவ்வாய்க்கிழமை ஆரம்பித்தது.

முந்தின நாள்தான் கட்டிங் மாஸ்டரின் மேசையில் மூன்றாவது திரையை வைத்திருந்தார்கள். அதுவரை மாஸ்டர் ஒவ்வொரு திருத்தத்தையும் முன் மேசைக்குக் கத்திச் சொல்லுவார், அந்தப் பெண் போடுவாள். இனி அவரே போடலாம். செவ்வாய் காலை பதினொரு மணிக்கு முன் மேசைப் பெண் புது வாடிக்கையாளர் ஒருவரின் அளவை எழுதப் போனாள். டேட்டாபேஸ் பூட்டப்பட்டிருக்கிறது என்று திரையில் வந்தது.

"அண்ணி, பழைய ஆளுங்க அளவெல்லாம் வருது. புதுசா ஒண்ணு போட்டாத்தான் பூட்டிருக்குங்குது."

"பாக்க விடுது, எழுத விடலையா?"

"ஆமா. நம்ம முதலாளி பட்டுத் துணி காட்டுற மாதிரி. பாக்கலாம், தொடக்கூடாது."

அண்ணி எல்லாரையும் புரோகிராமை மூடச் சொன்னார். "எல்லாரும் மூடுங்க" என்று முன் மேசைப் பெண் கடை அதிரக் கத்தினாள். மூடித் திறந்ததும் வேலை செய்தது. அரை மணி நேரம் கழித்து மறுபடி பூட்டு. மறுபடி கத்தல். அன்று ஐந்து முறை.

அண்ணி வரிசையாகப் பார்த்தார். ஹார்ட் டிஸ்க்கில் இடம் இருந்தது. எழுதும் அனுமதி மூன்று கம்ப்யூட்டருக்கும் இருந்தது. புதுத் திரை வந்த மறுநாளே தொல்லை என்பதால் மாஸ்டர் மேசையைத்தான் முதலில் சந்தேகப்பட்டார். ஒவ்வொரு முறை பூட்டிக்கொண்டபோதும் நேராக அங்கே போய்ப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் மாஸ்டரின் திரை துடைத்துவைத்த மாதிரி இருந்தது. மாஸ்டரும் கையைக் கட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாக நின்றார். புதன்கிழமை அண்ணி புரோகிராமில், பூட்டியிருந்தால் ஐந்து நொடி காத்திரு என்பதை முப்பது நொடி காத்திரு என்று மாற்றினார். முன்பு ஐந்து நொடியில் கிடைத்த அதே 'முடியாது', இப்போது அரை நிமிடம் கழித்துக் கிடைத்தது.

வியாழக்கிழமை முதலாளி அவரைக் கூப்பிட்டார். கோபமாகச் சொல்லியிருந்தால் அண்ணி சண்டை போட்டிருப்பார். அவர் அன்பாகச் சொன்னார்.

"அண்ணி, உங்களைக் குறை சொல்லல. வெளியில ரெடிமேடா ஒரு புரோகிராம் விக்கிறாங்க. சனிக்கிழமை ரெண்டு மணிக்கு அந்த சேல்ஸ்மேன் வர்றாரு. அதுக்குள்ள சரியாச்சுன்னா சரி. இல்லன்னா கையெழுத்துப் போட்டுடலாம்னு இருக்கேன்."

"அப்ப நான் என்ன பண்றது தம்பி?"

"காஜா இருக்கே. உங்க காஜா மாதிரி இந்த வட்டாரத்துல யாரு போடுறா?"

பாராட்டு இவ்வளவு வலிக்கும் என்று அண்ணிக்கு அன்றுதான் தெரிந்தது. காஜா அவருக்குப் பிடிக்காது என்றில்லை. திருப்பி அனுப்பப்பட்டு அங்கே போய் உட்காரப் பிடிக்கவில்லை.

அவருடைய கணவர் அதே கடையில் பின்னறையில் இஸ்திரி போடுபவர். வெள்ளிக்கிழமை டீ நேரத்தில் ஆறுதல் சொல்ல வந்தார்.

"விடு. உன் கம்ப்யூட்டருக்கும் எனக்கும் ஒரே குணம். எது கேட்டாலும் பதில் வர லேட்டாகும்."

"அது லேட்டானாலும் பதில் சொல்லுது. பூட்டியிருக்குன்னாவது சொல்லுது."

"சரி, யாரு பூட்டுனதுன்னு சொல்லுதா?"

அண்ணி டீயைக் கீழே வைத்தார். அது சொல்லவில்லை. சொல்ல வைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை. நான்கு நாளாகப் பூட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், சாவிக்காரரை விசாரிக்கவே இல்லை. தான் ஏதோ பெரிதாகச் சொல்லிவிட்டதைக் கணவர் அண்ணியின் முகத்தில் படித்துவிட்டு, எதைச் சொன்னோம் என்று தெரியாமலேயே கம்பீரமாகப் பின்னறைக்குத் திரும்பினார்.

அன்று மாலைக்குள் அண்ணி புரோகிராமில் சில வரிகள் சேர்த்தார். டேட்டாபேஸில் எழுதுவதற்காக யார் திறந்தாலும், எந்த மேசை, எத்தனை மணிக்குத் திறந்தது, எத்தனை மணிக்கு முடித்தது என்று தனியாக ஒரு ஃபைலில் பதிவாகும்.

சனிக்கிழமை பத்து நாற்பதுக்கு மறுபடி பூட்டு என்று திரையில் வந்தது. முன் மேசைப் பெண் கத்துவதற்கு மூச்சை இழுத்தாள். அண்ணி ஓடி வந்து அவள் வாயைப் பொத்தினார்.

"இரு. கத்தாதே."

பதிவு ஃபைலைத் திறந்தார். கடைசி வரி: கட்டிங் மேசை, திறந்தது ஒன்பது ஐம்பத்திரண்டு. முடித்தது என்ற இடம் காலி.

அண்ணி சத்தம் கேட்காதபடி செருப்பைக் கழற்றிவிட்டு கட்டிங் மேசைக்கு நடந்தார். மாஸ்டர் துணியை விரித்து நீவிக்கொண்டிருந்தார். அவர் திரையில் ஒருவரின் சட்டை அளவு திருத்துவதற்காகத் திறந்தபடி இருந்தது. தோள் அளவில் கால் இன்ச் குறைத்து அடித்திருந்தது. சேவ் செய்யவில்லை.

"மாஸ்டர், இது எப்பத் திறந்தீங்க?"

"காலையில வந்ததும்."

"ஏன் சேவ் பண்ணல?"

மாஸ்டர் நிமிர்ந்தார். கெட்ட வார்த்தை கேட்டவர் போல இருந்தது அவர் முகம்.

"சேவ் பண்றதா? இன்னும் ட்ரையலே பாக்கலையே! அந்த ஆளு மூணு மணிக்கு வருவாரு. போட்டுப் பாத்து, கால் இன்ச் எறக்கினது சரிதான்னா அப்புறம் சேவ் பண்ணுவேன். சாக்குக்கட்டியில கோடு போட்ட கையோட கத்திரி வைக்கிற ஆளா நான்?"

"அதுவரைக்கும் இது இப்படியே திறந்து கிடக்குமா?"

"வேற எப்படி?"

"நான் ஒவ்வொரு தடவை வந்து பாத்தப்பவும் மூடியிருந்துச்சே மாஸ்டர்!"

"எல்லாரும் மூடுங்கன்னு அந்தப் பொண்ணு கத்துது. நான் உடனே மூடிடுவேன். நீங்க பாத்துட்டுப் போனதும் திரும்பத் திறந்து கால் இன்ச்சை மறுபடி அடிச்சு வைப்பேன். இந்தக் கடையில சொன்ன பேச்சு கேக்குறவன் நான் ஒருத்தன்தான் அண்ணி, அது உங்களுக்கே தெரியும்."

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. கட்டிங் மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். கடையிலேயே மிகக் கவனமான மனிதர், தன் கவனத்தாலேயே கடையைப் பூட்டியிருந்தார். கடையிலேயே மிகக் கீழ்ப்படிதலான மனிதர், தன் கீழ்ப்படிதலாலேயே பிடிபடாமல் இருந்தார்.

"தப்பா ஏதாவது பண்ணிட்டேனா?"

"நீங்க இல்ல மாஸ்டர். நான்தான்."

உண்மையில் அவர்தான். ஓர் அளவைத் திருத்தத் திறந்த கணமே டேட்டாபேஸ் முழுவதையும் எழுதுவதற்குப் பிடித்துக்கொள், சேவ் செய்த பிறகு விடு என்று எழுதியவர் அவரே. முன் மேசைப் பெண்ணும் முதலாளியும் திருத்த ஒரு நிமிடம் எடுப்பார்கள், யாருக்கும் வலிக்கவில்லை. மாஸ்டரின் ஒரு திருத்தமோ காலையில் பிறந்து மூன்று மணிக்கு முடியும். ட்ரையல் அறையில் ஒருவர் சட்டை மாட்டிக்கொண்டிருக்கிறார் என்பதற்காகக் கடைக் கதவையே சாத்திவிட்டுத் தெருவில் கூட்டத்தை நிறுத்திவைத்தது போல அவர் புரோகிராம் நடந்துகொண்டிருந்தது.

அண்ணி உட்கார்ந்தார். சாப்பிடவில்லை, கணவர் கொண்டுவந்து வைத்த டப்பாவின் மேல் கீபோர்டைச் சாய்த்துக்கொண்டார். இனித் திறக்கும்போது எதையும் பிடிக்காது. அளவைப் படித்துக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். மாற்றியதைத் தற்காலிகமாக அந்த மேசையிலேயே வைத்திருக்கும். சேவ் அழுத்தினால் மட்டும் டேட்டாபேஸைத் திறந்து, எழுதி, அந்த நொடியே மூடும். நடுவில் வேறு யாராவது அதே ஆளின் அளவை மாற்றியிருந்தால் எழுதாமல் நிறுத்திச் சொல்லும். தற்காலிகமாக வைக்கும் பட்டனுக்குப் பெயர் வேண்டியிருந்தது. சாக்குக்கட்டி என்று வைத்தார்.

ஒன்று ஐம்பதுக்கு முடித்தார். இரண்டு மணிக்கு சேல்ஸ்மேன் வந்தார். டை கட்டியிருந்தார், சட்டை தோளில் தொங்கியது, மாஸ்டரின் பார்வை அங்கேயே போய் நின்றது.

"தம்பி, கையெழுத்துக்கு முன்னாடி ஒரே ஒரு சோதனை" என்றார் அண்ணி. "சார் ஒரு சட்டைக்கு அளவு குடுக்கட்டும்."

"எனக்கா?" என்றார் சேல்ஸ்மேன்.

"உங்களுக்குத்தான். இந்தத் தோளோட உங்களை வெளியில விட எனக்கு மனசு வராது" என்றார் மாஸ்டர், டேப்பை எடுத்துக்கொண்டு.

மாஸ்டர் மேசையில் காலையில் திறந்த அதே கால் இன்ச் இப்போது சாக்குக்கட்டியில் இருந்தது. முதலாளி தன் திரையில் ஒருவரின் போன் நம்பரை மாற்றினார். முன் மேசைப் பெண் சேல்ஸ்மேனின் அளவை ஒவ்வொன்றாக அடித்தாள்.

"வயிறு முப்பத்தாறு" என்றார் சேல்ஸ்மேன், தானாகவே.

"நாப்பது" என்றார் மாஸ்டர்.

"எப்பவும் முப்பத்தாறுதான் சார்."

"மூச்சு விடுங்க. ம்… நாப்பதே கால்."

முன் மேசைப் பெண் சேவ் அழுத்தினாள். எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். அவள் கத்துவதற்குத் தயாராகத்தான் இருந்தாள். கத்த ஒன்றும் இல்லை. முதலாளியும் அழுத்தினார், போன் நம்பர் ஏறியது. மறுபடியும் அழுத்திப் பார்த்தார், சும்மா. பிறகு இன்னொரு முறை, சந்தோஷத்துக்காக.

"அண்ணி, மாஸ்டர் இன்னும் திறந்து வெச்சிருக்காரா?"

"திறந்துதான் இருக்கு தம்பி. ராத்திரி வரைக்கும் வெச்சிருக்கட்டும்."

முதலாளி சேல்ஸ்மேனைப் பார்த்தார். சேல்ஸ்மேன் கண்ணாடியில் தன் நாற்பதே கால் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையெழுத்தைப் பற்றி இருவருமே பேசவில்லை. வியாழக்கிழமை ட்ரையலுக்கு வரச் சொல்லி ரசீது கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை அவர் வந்தார். மாஸ்டர் தோளைத் தட்டி, சுற்றி வந்து பார்த்து, மேசைக்குப் போய், சாக்குக்கட்டியில் வைத்திருந்த அவருடைய தோள் திருத்தத்துக்கு நிதானமாக சேவ் அழுத்தினார். சட்டைக்கு இன்னும் காஜா போடவில்லை. ஏழு காஜா.

அண்ணி கம்ப்யூட்டரை விட்டு எழுந்து போய்த் தன் பழைய மெஷினில் உட்கார்ந்தார்.

"உன்னை யாரு அங்க போகச் சொன்னது?" என்றார் கணவர் பின்னறையிலிருந்து.

"யாரும் சொல்லல, அதான்" என்றார் அண்ணி, முதல் காஜாவுக்கு நூல் கோத்தபடி.