திருமுருகன் சொன்ன வைத்தியம்

பிரியதர்ஷினிக்கு உப்பளத்தில் ஒன்பது வருஷம். விடியுமுன் பாத்தியில் இறங்கினால் பதினொரு மணி வரை கரையேற மாட்டாள். தாகம் பொறுப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளி, ஒதுங்க ஒரு புதர் கிடையாது. அதனால் அங்கே பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். கழிப்பறை கட்டித் தருவதாகச் சொல்லிப் போனவர்கள் போனவர்கள்தான்.

கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து உண்டான பிள்ளை. ஐந்தாம் மாதம் புதுச்சேரியில் ஸ்கேன் எடுத்தபோது டாக்டரம்மா திரையைத் தொட்டுக் காட்டினார்.

"குழந்தையோட இடது கிட்னியில தண்ணி தேங்கி வீங்கியிருக்குதும்மா. ரெண்டு வாரம் கழிச்சி வந்து காட்டு. கூடிக்கிட்டே போனா கிட்னி கெட்டுப்போயிடும்."

அதற்கு மேல் அவர் சொன்னது எதுவும் இவள் காதில் ஏறவில்லை.

பஸ்ஸில் வழியெல்லாம் அழுதாள். புருஷன் திருமுருகன் அழவில்லை, யோசித்துக்கொண்டே வந்தான். இருபது வருஷமாகப் பாத்திக்குத் தண்ணீர் கட்டுகிறவன். எந்தப் பாத்தியில் எவ்வளவு நிற்கிறது என்று காலை வைத்தே சொல்லிவிடுவான். கூனிமேடு தாண்டும்போது வாயைத் திறந்தான்.

"பாத்தியில தண்ணி அதிகமா நின்னா என்னா பண்ணுவோம்? வர்ற மடைய அடைப்போம். நீ குடிக்கறதுதான அதுக்குப் போவுது? கொறச்சிக்கோ."

"டாக்டரம்மா அப்படி சொல்லலியே."

"கொறைக்காதன்னும் சொல்லலியே."

மறுநாளிலிருந்து விரதம்தான். காலையில் ஒரு டம்ளர், ராத்திரி ஒரு டம்ளர். கஞ்சியில்கூடத் தெளிவை இறுத்துவிட்டுப் பருக்கையை மட்டும் தின்றாள். நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது, தலை சுற்றியது. வயிற்றைத் தடவி, "கொஞ்சம் பொறுத்துக்கோ கண்ணு" என்பாள். திருமுருகனும் அவள் கண்ணெதிரில் தண்ணீர் குடிக்க மாட்டான். அன்பில் ஒரு குறையும் இல்லை. அறிவில்தான் இரண்டு பேரும் கோட்டை விட்டார்கள்.

அடுத்த ஸ்கேனில் டாக்டரம்மாவின் முகம் மாறியது.

"பனிக்குடத் தண்ணி கொறைஞ்சிருக்கு. எங்க, நாக்க நீட்டு. தண்ணியே குடிக்கறதில்லியா நீ?"

நடந்ததைச் சொன்னாள். டாக்டரம்மா கத்தியிருந்தால்கூடத் தேவலை. பொறுமையாக விளக்கினார். தேக்கம் வந்தது தண்ணீர் அதிகம் வருவதால் அல்ல, கிட்னியிலிருந்து இறங்கும் வழி குறுகலாக இருக்கிறது, பிள்ளை வளர அதைச் சுற்றித் தண்ணீர் வேண்டும். ட்ரிப்ஸ் ஏற்றி அனுப்பிவைத்தார்.

அதன்பின் இரண்டு வாரம் அவள் வேலைக்குப் போகாமல் செம்பு செம்பாகக் குடித்தாள். அவனைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது. "நீங்க சொல்லித்தான செஞ்சேன்" என்று ஒரே ஒரு தரம் சொன்னாள். அன்றைக்கு அவன் சோற்றில் கை வைக்கவில்லை. அதற்கப்புறம் தினமும் அரைவயிறுதான்.

மறுபடி ஸ்கேனுக்குப் போனபோது அவன் உள்ளே வர மறுத்துவிட்டான். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, தப்பு செய்தவன் மாதிரி வராந்தாவிலேயே நின்றான்.

டாக்டரம்மா நெடுநேரம் பார்த்தார். "தண்ணி சரியாயிடுச்சும்மா. வலது கிட்னி நல்லா இருக்குது. இடது அப்படியேதான் இருக்குது, ஆனா கூடல. பொறந்தப்புறம் ஆபரேஷன் தேவைப்படலாம். அந்த கிட்னிய காப்பாத்த முடியுமான்னு இப்பவே சொல்ல முடியாது."

"நாங்க பண்ணதாலயா மேடம்?"

"இல்லம்மா. அது உருவாகும்போதே வந்தது. நீ தண்ணி குடிக்காததால வரல. யார் மேலயும் தப்பில்ல."

அவள் எழுந்திருக்கவில்லை. வயிற்றில் தடவிய ஜெல்லைக்கூடத் துடைக்காமல் படுத்தபடியே அழுதாள். பிறகு டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், இதயே அவர உள்ள கூப்ட்டு ஒரு தடவ சொல்லிடுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாரு."