கண்ணாடிக் குழாயில் ரத்தம்

கல்லூரி முதலாண்டில் தாவரவியல் செய்முறைக்காக, வேர்முண்டு உள்ள செடி ஒன்றை வேரோடு பிடுங்கி உலர்த்தி ஒட்டிக் காட்டச் சொல்லியிருந்தார்கள். மண்டகப்பட்டில் என் சித்தப்பா, நாங்கள் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலை போட்டிருந்தார். திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ்ஸில் விழுப்புரம் வந்து படித்த என் சிநேகிதியையும் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே போனேன். அவள் வீட்டில் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

மல்லாட்டைச் செடி அவளுக்குப் புதிதல்ல. அவள் அம்மா கூலிக்குப் போன கொல்லைகளில் தவழ்ந்து வளர்ந்தவள். வேரில் கடுகுபோல் ஒட்டியிருந்த உருண்டைகளுக்குள் பாக்டீரியா வாழ்கிறது என்பதுதான் எங்கள் இருவருக்கும் புதிது. நகத்தால் ஒன்றைக் கீறினாள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது. “புக்ல போட்ட மாதிரியே இருக்குதுடி” என்று சிரித்தாள். இன்னொரு நல்ல செடி தேடி வரப்போரமாக நடந்தாள்.

குக்கரில் ஆவி கிளம்புவதுபோல் நீளமாக ஒரு சீறல் கேட்டது. அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தடித்த ஏதோ ஒன்று வேலிக்குள் நுழைந்ததைப் பார்த்தேன். முதுகில் பெரிய பெரிய வட்டங்கள் இருந்ததுபோல் தோன்றியது. நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

“முள்ளுடி. முள்ளு குத்திடுச்சி” என்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

கணுக்காலுக்கு மேல் இரண்டு புள்ளிகள். துப்பட்டாவால் துடைத்தேன். மறுபடியும் கசிந்தது. மறுபடியும் துடைத்தேன். நாகமும் கட்டுவிரியனும் நரம்பைத் தாக்கும், கண்ணாடி விரியன் ரத்தத்தைத் தாக்கும் என்று அந்த மாதம்தான் விலங்கியல் வகுப்பில் படித்திருந்தோம். அந்த ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது நிற்கவில்லை.

கூப்பிட்ட குரலுக்குச் சித்தப்பா மோட்டார் கொட்டகையிலிருந்து கயிற்றோடு ஓடி வந்தார். “இறுக்கிக் கட்டிடலாமா?”

“கட்டக் கூடாது சித்தப்பா. கால் அசையாம இருந்தா போதும்.”

செடி அழுத்தக் கொண்டு வந்திருந்த அட்டைகளைக் காலின் இரு பக்கமும் வைத்துத் துப்பட்டாவால் தளர்வாகச் சுற்றினேன். சித்தப்பா தன் லோடு வண்டியைக் கொல்லை ஓரம்வரை கொண்டு வந்தார். “108 இந்த எடத்துக்கு எப்ப வர்றது? ஜல்தி ஏறுங்கம்மா” என்று அவளைத் தூக்கிப் பின்னால் படுக்க வைத்தார்.

பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவள் என் கையை விடவில்லை. “வீட்ல சொல்லாதடி. பொய் சொல்லிட்டு வந்தன்னு தெரிஞ்சா இத்தோட படிப்பு நின்னுடும். ஏற்கெனவே மாப்ள பாத்துக்கினு இருக்காங்க.” நான் அவள் காலைப் பார்த்தேன். அவள் பாதம் வீங்கிப் பளபளத்தது.

“என்ன பாம்பும்மா?” என்று டாக்டர் கேட்டார். சீறலையும் வட்டங்களையும் சொன்னேன். “சரியா பாக்கல சார்” என்றும் சொன்னேன். அவர் கொஞ்சம் ரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு மேசைமேல் நிறுத்தினார். “இருபது நிமிஷம் யாரும் இதத் தொடாதீங்க. உறைஞ்சா நல்லது.”

அந்தக் குழாயைத் தவிர வேறெதையும் என்னால் பார்க்க முடியவில்லை. அப்போது என்னிடமிருந்த அவள் போன் அடித்தது. அம்மா என்று திரையில் தெரிந்தது.

“எடுக்காத” என்றாள் கட்டிலில் இருந்தபடியே. அவள் ஈறில் சிவப்பாகத் தெரிந்தது. நின்று மறுபடியும் அடித்தது. எடுத்துவிட்டேன்.

“அம்மா, நான் அவ பிரெண்டு பேசறேன். அவளப் பாம்பு கடிச்சிடுச்சி. விழுப்புரம் ஆஸ்பத்திரில இருக்கோம்.”

“பேச்சு மூச்சு இருக்குதா?” என்று மட்டும் கேட்டார்.

“இருக்குதும்மா.”

“வர்றேன்.”

டாக்டர் குழாயை எடுத்துச் சாய்த்தார். ரத்தம் தண்ணீர்போல் ஓடியது. அவர் திரும்பி நர்சிடம் ஏதோ சொல்ல, வார்டே பரபரத்தது. விஷமுறிவு மருந்து ஏறத் தொடங்கியதும் அவளுக்கு உடம்பெல்லாம் தடித்து நடுக்கம் கண்டது. மருந்தை நிறுத்தி, ஊசி போட்டு, மறுபடி ஏற்றினார்கள். என்னை வெளியே போகச் சொன்னார்கள்.

வராந்தாவில் அவள் அம்மா வந்து நின்றபோது அவர் காலில் செருப்பில்லை. “இன்னாத்துக்கு அங்க போனீங்க?”

“மல்லாட்டைச் செடி எடுக்கம்மா.”

“அதத்தானே தெனம் புடுங்கிக்கினு கெடக்கறேன். எங்கிட்ட கேட்டா ஒரு கட்டு குடுத்திருப்பேனே.” சொல்லிக்கொண்டே வந்த அழுகையை முந்தானையால் அடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

விஷம் சிறுநீரகத்தையும் தாக்கியிருந்தது; அது தேறும்வரை அவள் பல நாள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். நான் பார்க்கப் போனபோதெல்லாம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். படிப்பு நிற்கப் போகிறது, அதற்குக் காரணம் நான்தான் என்று நினைத்திருக்கிறாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவள் அம்மாவே ஒரு திங்கட்கிழமை அவளைக் கல்லூரி வாசல்வரை கொண்டுவந்து விட்டார். “இனிமே எங்க போனாலும் சொல்லிட்டுப் போ” என்றாராம். அவ்வளவுதான். மாப்பிள்ளைப் பேச்சையும் அவரே தள்ளிப்போட்டிருந்தார்.

விலங்கியல் செய்முறைக் கூடத்தில் அவள் வந்து என் பக்கத்தில் நின்றாள். “அன்னிக்கு ஏன்டி போன எடுத்த?”

“நீ செத்துடுவியோன்னு பயந்துட்டேன்.”

“நானும்தான்” என்றாள். பிறகு, அவள் வராத நாட்களில் என்னென்ன நடத்தினார்கள் என்று கேட்டாள்.